இணைச்சீருக்கு ஒரு கை

நாட்ராயன்வலசில் நாச்சியம்மாள் வீட்டுக்குப் போனவர்கள் பசியோடு திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. "அட, ஒரு வாய் உண்டுட்டுப் போங்க, ஊட்டுல என்ன கொட்டியா கெடக்குது வேலை?" என்று கேட்டபடியே சோற்று வட்டலை வைத்துவிடுவாள். வட்டலை வைத்த பிறகு எழுந்து போகிற தைரியம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை. வார்க்கிற கை தாராளம், பேசுகிற வாய் அதைவிடத் தாராளம். அமராவதி வாய்க்காலில் தண்ணீர் நின்றாலும் நிற்கும், நாச்சியம்மாள் பேச்சு நிற்காது என்று ஊரில் சொல்வார்கள். அவள் காது கேட்கச் சொல்ல மாட்டார்கள்.

புருஷன் செங்கோடக் கவுண்டர் நேர் எதிர். அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை உள்ளங்கைக்குள் அடக்கிவிடலாம். ஒரே மகன் கோயமுத்தூரில் பஞ்சாலை வேலைக்குப் போனவன், அங்கேயே குடித்தனம் ஆகிவிட்டான். வீட்டில் இவர்கள் இருவரும், நாலு எருமையும்தான்.

அப்புறம் திருமூர்த்தி. நாச்சியம்மாளுக்கு ஒரே தம்பி. அவனைப் பெற்ற கையோடு ஆத்தா கண்ணை மூடிவிட்டாள். நாச்சியம்மாள் அப்போது கல்யாணமாகி வந்த புதுப்பெண். கைக்குழந்தையான தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் புருஷன் வீட்டுப் படியேறினாள். என்ன சொல்வாரோ என்று நின்றவளிடம் செங்கோடக் கவுண்டர், "ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரோடு ஏழு ஜென்மம் வாழலாம் என்று நாச்சியம்மாள் பிற்பாடு பலபேரிடம் சொல்லியிருக்கிறாள், அவரிடம் மட்டும் சொன்னதில்லை.

திருமூர்த்தி வளர்ந்து, அப்பாரு விட்டுப்போன பூமியைத் தானே உழுது, ஆளானான். முப்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் பெருந்துறைப் பக்கம் பெண் அமைந்தது. பேர் சாந்தாமணி. கல்யாணம் தையில் என்று பேசி முடித்தார்கள். அன்றிலிருந்து நாச்சியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

காரணம் இணைச்சீர். கவுண்டமார் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு பிறந்தவளுக்கு உரிய சீர் அது. பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையை மூங்கில் பேழைமூடியில் வைத்து இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையில் செம்பு நிறையத் தண்ணீரோடு அக்காளோ தங்கையோ மணவறையைச் சுற்றி வருவாள். சுற்றி முடித்ததும் செம்பை, சீர் நடத்தும் அருமைக்காரர் கையில் கொடுக்க வேண்டும். ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், இவர்கள் பக்கத்தில் இப்படி. இது முடியாமல் தாலி கிடையாது. தம்பியைப் பெறாமல் பெற்றவளுக்கு இதைவிடப் பெரிய நாள் என்ன இருக்கிறது? எந்தச் சேலை கட்டுவது என்று அவள் தினம் ஒரு முடிவு செய்து மறுநாள் மாற்றிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை மாதம், பொழுது கிளம்பும் நேரம். கட்டுத்தரையில் உட்கார்ந்து எருமை கறந்துகொண்டிருந்தாள். வலது கை மடியிலிருந்து தானாக நழுவியது. எடுத்து வைத்தாள், மறுபடி நழுவியது. கை தூங்கிப்போச்சாக்கும் என்று உதறப் பார்த்தாள், உதற வரவில்லை. ஏனுங்க என்று கூப்பிட வாயெடுத்தால் வாயிலிருந்து வந்தது ஏதோ ஒரு சத்தம். செங்கோடக் கவுண்டர் ஓடி வருவதற்குள் பால் போசி கவிழ்ந்து, அவளும் வலப்பக்கமாகச் சரிந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் தெளிவாக அவரையே பார்த்தது.

பக்கவாதம் என்று பார்த்ததுமே ஊர் சொல்லிவிட்டது. சொன்னதோடு நிற்குமா? புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தார்கள். வேப்பெண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். ஆமணக்கு இலையை வாட்டிக் கையில் சுற்றினார்கள். பாவம் அந்தப் புறாக்கள் செத்ததுதான் மிச்சம். அப்புறம் வண்டியில் வைக்கோல் பரப்பி, மெத்தை விரித்து, தாராபுரத்தில் மிஷன் டாக்டர் ஞானாபரணத்திடம் கொண்டுபோனார்கள். அவர் நெல்லைச் சீமைக்காரர், நிதானமான மனுஷர். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். "தலைக்குள்ளே ஒரு ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. உயிருக்குப் பயமில்லை. கொஞ்ச நாள் படுக்கையில இருக்கட்டும். கை காலை நீங்க மடக்கி நீட்டி விடுங்க, இறுகிப் போகாம இருக்கணும்" என்றார்.

"கை வந்துருமுங்களா?" என்று திருமூர்த்தி கேட்டான்.

"வர்றது எல்லாம் வரட்டும். இத்தனைதான் வரும்னு நான் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

திருமூர்த்தி அன்றைக்கே பெருந்துறைக்குப் போய்க் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு வந்தான். அக்கா எழுந்து வந்து சீர் செய்தால்தான் தாலி எடுப்பேன் என்று சொல்லிவிட்டான். பெண் வீட்டார் முகம் சுளித்தாலும், வைகாசி வரைக்கும் பொறுக்கிறோம் என்றார்கள். அதைத் தாண்டினால் ஆனி, அப்புறம் ஆடி வந்துவிடும், எங்கள் பெண்ணை எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பது என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் திரும்பி வந்தது பேச்சு. இதில் ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. மார்கழி முடிவதற்குள் குழறல் தெளிந்து, படுத்த இடத்திலிருந்தே எருமைக்குத் தவிடு போதாது என்று திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள். தையில் எழுந்து உட்கார்ந்தாள். மாசியில் சுவரைப் பிடித்து, பின்பு தடி ஊன்றி, வலது காலை அரைவட்டமாக இழுத்துப் போட்டு நடந்தாள். கைதான் வரவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டு, யார் வீட்டுக் கையோ என்பதுபோல அவள் கூடவே வந்தது.

செங்கோடக் கவுண்டர் அந்த மூன்று மாதமும் செய்ததை எந்தப் பொம்பளையும் செய்திருக்க மாட்டாள். சோறு ஆக்கினார். எருமை கறந்தார், தயிர் கடைந்தார். அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார். பின்னல் முதலில் கயிறு திரித்த மாதிரி இருந்தது, போகப் போகத் தேறிவிட்டது. அவள் செம்பைப் பார்த்தால் போதும், தண்ணீர் வாய்க்கு வந்துவிடும். முந்தானை நழுவினால் அவர் கை முன்னால் போகும். ஒரு வார்த்தை பேசாமல் இத்தனையும் செய்தார். ஊரே மூக்கில் விரல் வைத்தது.

சோறும் அவர்தான் ஊட்டினார். நாற்பது வயதைத் தாண்டியவளுக்குப் புருஷன் சோறு ஊட்டுவதை நாலு பேர் பார்த்தால் மானம் போய்விடும் என்று, ஊட்டுகிற நேரம் கதவைச் சாத்தச் சொல்லுவாள். மற்ற வேலைக்கெல்லாம் அவளுக்கு இடது கை இருந்தது. கொங்கில் ஒரட்டாங்கை என்பார்கள். அந்த ஒரட்டாங்கை இந்த மூன்று மாதத்தில் கெட்டிக்காரக் கை ஆகிவிட்டது. பொத்தானைப் போட்டது, தடியைப் பிடித்தது, கீரை ஆய்ந்தது. ஆனால் சோற்றில் மட்டும் அதை வைக்க மாட்டேன் என்று நாச்சியம்மாள் ஒற்றைக் காலில் நின்றாள். கால் கழுவுகிற கையால் களி தின்பதா? செத்தாலும் மாட்டாள்.

பங்குனியில் சுப்பாத்தாள் வந்தாள். நாச்சியம்மாளின் சித்தப்பன் மகள், திருமூர்த்திக்கு அவளும் அக்காள் முறைதான். வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கையைத் தடவிப் பார்த்தாள், மோர் குடித்தாள். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள்.

"பொண்ணூட்டுல பேசிக்கிறாங்களாமா அக்கா. சீரு நிக்கப்படாதல்லொ? உங்களுக்கு முடியாட்டி, பங்காளி மொறையில நான் எடுத்தர்றேன். உங்களுக்குப் பதிலாத்தானே, நான் என்ன எனக்கா கேக்கறேன்?"

நாச்சியம்மாள் இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று அவளை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுப்பாத்தாள் போன பிறகு வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாள். நோவு வந்த நாளிலிருந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. சுப்பாத்தாள் பொல்லாதவள் இல்லை என்பதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் சோளக்களி. செங்கோடக் கவுண்டர் வழக்கம்போலக் கதவைச் சாத்திவிட்டு, வட்டலை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"வட்டலைக் கீழ வையுங்க" என்றாள்.

வைத்தார்.

"நானே உங்கறேன். நீங்க போய் எருமையைப் பாருங்க."

அவர் போகவில்லை. அவள் வலது தோளை உந்தினாள். கை முழுசாக ஒரு பக்கம் வீசி, வட்டலில் விழுந்து, குழம்பைத் தெறிக்கவிட்டது. மறுபடி உந்தினாள். மணிக்கட்டு களியில் அழுந்தியது, விரல் அசையவில்லை. அவர் பொறுக்கமாட்டாமல் ஒரு உருண்டை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று இருவரும் பட்டினி.

ஆனால் அடுத்த வேளையும் அதே கூத்துதான். அதற்கடுத்த வேளையும் அதுதான். பசி முற்றினால் கடைசியில் ஊட்ட விடுவாள், முதலில் தன் கைதான். சேலை முழுக்கக் குழம்பு, முகமெல்லாம் களி. சாதம் என்றால் சிதறும், களி நல்ல வேளையாக ஒட்டும். அப்படி ஒட்டிய களியோடு ஒரு நாள் விரல்கள் லேசாக மடங்கின. மடங்கியதை அவள் பார்த்தாள், அவரும் பார்த்தார். மறுபடி மடக்கு என்று கையிடம் சொன்னாள். கை கேட்கவில்லை. மறுநாள் கேட்டது. சித்திரை பிறந்து சில நாளில், பிடி களியை வாயின் பக்கத்திலாவது கொண்டுபோய்ச் சேர்க்க வந்துவிட்டது. பாதி மூக்கில் போகும், பாதி வாயில் போகும்.

இங்கேதான் நாச்சியம்மாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. உண்கிற நேரத்தில் வருகிற கை, மற்ற நேரத்தில் ஏன் பழையபடி தொங்குகிறது? யோசித்துப் பார்த்தாள். செம்பு என்றால் ஒரட்டாங்கை முந்திக்கொள்கிறது. தடி என்றால் அதுவே. அதுவும் முந்தாவிட்டால் புருஷன் கை முந்துகிறது. சோற்றில் மட்டும்தான் ஒரட்டாங்கைக்கு வேலை இல்லை. வேறு போக்கில்லாத இடத்தில்தான் இந்தக் கை வேலைக்கு வருகிறது.

தாராபுரம் போனபோது டாக்டர் ஞானாபரணத்திடம் இதைக் கேட்டாள். அவர் அவளை இன்னொரு தரம் கையைத் தூக்கச் சொன்னார், விரலை மடக்கச் சொன்னார். அவர் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் தெரிந்தது.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. கைக்கு உத்தரவு போடற இடம் மூளையில இருக்கு. அதுல ஒரு பகுதி போயிருச்சு. போனது போனதுதான், பிழைக்காது. ஆனா அதைச் சுத்தி நல்ல இடம் இருக்கில்லையா? அது இந்த வேலையைக் கத்துக்குதுன்னு பெரிய டாக்டர்கள் சிலபேர் எழுதறாங்க. சிலபேர் ஒத்துக்கறதில்லை."

"வாய்க்கா ஒடைஞ்சு போனா, அக்கட்டால ஒரு வாய்க்கா வெட்டித் தண்ணி உடற மாதிரீங்களா?"

"பாதி அப்படித்தான். ஆனா உங்க வாய்க்காலை மண்வெட்டி வெச்சு வெட்டுவீங்க. இதைத் தண்ணியேதான் ஓடி ஓடி வெட்டிக்கணும். ஓடவிடாட்டி மேடு தட்டிரும்."

"அப்ப இந்த ஒரட்டாங்கையைக் கட்டிப்போட்டா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "எங்க ஆஸ்பத்திரியில அப்படிச் செஞ்சதில்லை. கெடுதல் வராதுன்னுதான் நினைக்கிறேன். அடுப்புப் பக்கமும் கிணத்துப் பக்கமும் போகும்போது அவுத்துருங்க. தடி பிடிக்காம தனியா நடக்கக் கூடாது, யாராவது கூட வரட்டும். களைச்சுப் போனா நிறுத்திருங்க" என்றார். பிறகு செங்கோடக் கவுண்டரைப் பார்த்து, "நீங்களும் கொஞ்சம் கையைக் கட்டிக்கணும்" என்று சிரித்தார். கவுண்டர் சிரிக்கவில்லை.

வீடு வந்ததும் நாச்சியம்மாள் பழைய சேலையைக் கிழித்து இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முடிச்சுப் போட அவர் கைதான் வேண்டியிருந்தது. முடிச்சைப் போட்டுவிட்டு அவர் வெளியே போனவர், பொழுது சாய்ந்தும் உள்ளே வரவில்லை. அவள் வாசல்வரை சுவரில் சாய்ந்தபடி வந்து பார்த்தாள். கட்டுத்தரையில் எருமைக் கன்றின் முதுகைத் தடவியபடி நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, கோவமுங்களா?"

அவள் அங்கேயே நின்றாள். வெகுநேரம் கழித்து அவர் பேசினார். கல்யாணமானதிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"அன்னிக்கு நீ பால் போசியோட உழுந்து கெடந்ததைப் பாத்தவன் நானு. நீ போயிட்டியாட்டத்தான் நெனச்சேன். அப்பொறம் நீ உசுரோட இருக்கறேன்னு தெரிஞ்சப்ப, இனி இவளை ஒரு வேலை செய்ய உடறதில்லைன்னு மனசுக்குள்ள சொல்லிப்போட்டேன். நான் செய்யறது உனக்கு ஆகலியா நாச்சீ?"

நாச்சியம்மாள் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"நீங்க செய்யலீன்னா நான் இன்னிக்கி இல்லீங்க. ஆனா நீங்க எடுத்துக் குடுக்கற ஒவ்வொண்ணும் இந்தக் கை செய்ய வேண்டியதுங்க. இது கத்துக்கோணும். இது தடுமாறறதை நீங்க பாத்துக்கிட்டு சும்மா நிக்கோணும். அதுதானுங்க எனக்கு நீங்க இப்பச் செய்ய வேண்டியது."

"அது நெம்பக் கஷ்டம்" என்றார் செங்கோடக் கவுண்டர்.

கஷ்டம்தான். அதை அவர் சொன்னது மெய். அவள் செம்பைத் தவறவிடுவாள், இவர் கை துடிக்கும். அவள் கதவின் தாழ்ப்பாளோடு அரை நாழிகை மல்லுக்கட்டுவாள், இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். பார்க்க முடியாத நாளில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். வெட்ட வேண்டிய வரப்பை எல்லாம் வெட்டி முடித்து, வெட்ட வேண்டாத வரப்பையும் அந்தச் சித்திரையில் வெட்டித் தள்ளினார். நாச்சியம்மாளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது, நல்ல கையையும் கட்டிக்கொண்டு திரிகிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உடைந்த சட்டிகளும் அதற்குச் சாட்சி சொல்லின.

ஆனால் கை வந்தது. படியில் ஏறுகிற கிழவன்போல ஒரு நாள் ஏறி, இரண்டு நாள் உட்கார்ந்து, மறுபடி ஏறி வந்தது. தாழ்ப்பாள் திறந்தது. விளக்குமாற்றைப் பிடித்தது. தயிர் கடையும்போது மட்டும் கட்டை அவிழ்த்துவிட்டு, மத்துக்கயிற்றின் ஒரு முனையை இடது கையிலும் ஒரு முனையை வலது கையிலும் பிடித்தாள். முதலில் இடது கை இழுக்க, வலது கை சும்மா இழுபட்டது. பிறகு அதுவும் இழுக்கத் தொடங்கியது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், அந்தக் கை பழைய கை ஆகவே இல்லை. ஊசியில் நூல் கோக்க அவளுக்குக் கடைசிவரை வரவில்லை, குளிர்காலத்தில் விரல் விறைத்துக்கொள்ளும். பிற்பாடு எத்தனையோ வருஷம் வாழ்ந்தாள், வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கையாலேயே அள்ளி வைத்தாள். வட்டலுக்கு வெளியிலும் கொஞ்சம் விழும், அவ்வளவுதான்.

இணைச்சீருக்கு வேண்டியது செம்பைப் பிடிப்பது, சுற்றி வருவது, கொடுப்பது. பேழைமூடியை இடது கக்கத்தில் இடுக்க வேண்டும் என்பதால் ஒரட்டாங்கை உதவிக்கு வராது. தடியும் ஊன்ற முடியாது. நடை ஒருவிதமாகத் தேறிவிட்டது. மெல்லப் போனால் தடியில்லாமல் வீட்டுக் கூடமான ஆசாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவாள், கவுண்டர் பின்னாலேயே வருவார். பிடிப்பதும் கை கற்றுக்கொண்டது. செம்பின் கழுத்தை விரலால் வளைத்துவிட்டால் உடும்புப் பிடிதான்.

தொல்லை அதற்கப்புறம். பிடித்தது விடாது. விரலைத் திற என்றால் கை இன்னும் இறுகும். மூடுகிற பாடம் படித்த கை, திறக்கிற பாடத்துக்கு வராமல் அடம் பிடித்தது. கவுண்டர் அவள் கட்டைவிரலை மெல்ல வெளியே இழுத்து, மணிக்கட்டை மடக்கினால், மற்ற விரல்கள் தாமாக அவிழும். அந்தச் சூட்சுமம் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் சீரில் புருஷன் வந்து பெண்டாட்டி விரலைப் பிரித்துக்கொண்டு நிற்பதா? அது சீராகுமா? அதற்குச் சுப்பாத்தாளே எடுத்துவிடலாமே.

வெந்நீரில் கையை வைத்துப் பார்த்தாள். மாவில் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள். புளியங்கொட்டையைப் பிடித்துப் பிடித்து விட்டுப் பார்த்தாள். ஒன்று புரிந்தது. அவசரப்பட்டால் கை இறுகும். யாராவது சத்தம் போட்டால் இறுகும். கோபம் வந்தால் நிச்சயம் இறுகும். நிதானமாக, கையையே பார்த்துக்கொண்டு, முதலில் சுண்டுவிரல், அப்புறம் பக்கத்து விரல் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிச் சொல்லி இருந்தால் திறக்கும். திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அதற்கே தெரியாது. நாச்சியம்மாளுக்குப் பிறவியிலேயே இல்லாத ஒன்று பொறுமை, அதைத்தான் இந்தக் கை கேட்டது.

வைகாசி வந்தது. பெருந்துறைப் பக்கம் பெண் வீட்டில் பந்தல். கல்யாணத்துக்கு வந்த சுப்பாத்தாள் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று பெரியவர்கள்தான் சொல்லி வைத்திருந்தார்கள். அருமைக்காரர் சென்னிமலைக் கவுண்டர் வயசாளி, எத்தனையோ கல்யாணம் நடத்தி வைத்தவர். நாச்சியம்மாளின் கக்கத்தில் பேழைமூடியை இடுக்கினார்கள். செம்பை நிறைத்து, அவள் விரல்கள் அதை வளைத்துப் பிடிக்கும்வரை காத்திருந்து, கையை எடுத்தார்கள்.

நடந்தாள். வலது கால் பழையபடி கொஞ்சம் அரைவட்டம் போட்டது. மேளக்காரர் ஒருவர் அதைப் பார்த்து, தாளத்தைத் தானாகக் குறைத்தார். தண்ணீர் தளும்பியது, சிந்தியது, சேலையை நனைத்தது. மணையில் உட்கார்ந்திருந்த திருமூர்த்தி குனிந்த தலை நிமிராமல் அக்காளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றி முடித்து அருமைக்காரர் எதிரே வந்து நின்றாள். செம்பில் பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது.

அருமைக்காரர் இரண்டு கையையும் நீட்டினார். அவளும் கையை நீட்டினாள். செம்பு அவர் உள்ளங்கையில் உட்கார்ந்தது. விரல் திறக்கவில்லை.

"குடு அம்மிணி" என்றார் அவர் அன்பாக.

அவ்வளவுதான், கை கல்லாகிவிட்டது. அவர் லேசாக இழுத்தார், கை கூடவே போனது. மேளம் தடுமாறியது. பந்தலில் பேச்சு அடங்கி, ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. நேரம் போகுதுங்க என்று பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார். சுப்பாத்தாள் ஓரடி முன்னால் வைத்தாள். நாச்சியம்மாளுக்குக் கண் இருட்டியது. சுண்டுவிரல், சுண்டுவிரல் என்று உள்ளே சொல்லிப் பார்த்தாள், எது சுண்டுவிரல் என்றே தெரியவில்லை.

ஆண்கள் கூட்டத்திலிருந்து செங்கோடக் கவுண்டர் வந்தார். நாலே எட்டில் அவள் பக்கம் வந்துவிட்டார். அவர் கை முன்னால் போயிற்று. அவள் கட்டைவிரலின்மேல் கிட்டத்தட்டப் பட்டுவிட்டது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பந்தல் முழுவதுக்கும் கேட்கிற குரலில் அருமைக்காரரிடம் சொன்னார்.

"அவசரமில்லீங்க. அவளே குடுப்பாளுங்க. கொஞ்சம் நிக்கலாமுங்க."

செங்கோடக் கவுண்டர் சபையில் பேசி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எல்லாரும் அடங்கிப்போனார்கள். அருமைக்காரர் தலையசைத்துவிட்டு, நீட்டிய கையை நீட்டியபடியே நின்றார். மேளக்காரர் கோலை இறக்கினார். சுப்பாத்தாள் எடுத்து வைத்த அடியைப் பின்னால் வைத்தாள். அத்தனை பெரிய பந்தலில் அத்தனை சனமும் ஒரு பொம்பளையின் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது.

சுண்டுவிரல் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்து, செம்பை விட்டுப் பிரிந்தது. அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று, யாரும் இருமக்கூட இல்லை. நடுவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தே வந்தன. கட்டைவிரல் கடைசியாக.

செம்பு அருமைக்காரர் கைக்குப் போனது. மேளம் கொட்டியது. செங்கோடக் கவுண்டர் முதுகுக்குப் பின்னால் கட்டிய கையை அவிழ்க்காமலே, அத்தனை பேர் முன்னாலும் அழுதுகொண்டு நின்றார்.